வாங்கியவரே திருப்ப வேண்டும்

ஒரு வாரமாக ஃபோர்மேனும் அவர் மனைவியும் ஒரே கூரையின் கீழ், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் குடும்பம் நடத்திவந்தார்கள். சண்டை என்று சொல்லிவிட முடியாது. சண்டை என்றால் ஒரு தட்டாவது உடைய வேண்டும். இது மிகவும் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் வீட்டில் இருக்கவே முடியவில்லை.

தவிர்க்க முடியாத சேதி ஏதாவது இருந்தால் நடுவில் ஓர் ஆள் இருந்தான். மனைவியின் தம்பி. வயது முப்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டில் சாப்பாடு, மாமாவின் கீழே மின்சார லைன் வேலை. இப்படி இரண்டு பக்கமும் கடன்பட்டவனைவிட நல்ல தூதுவன் எங்கே கிடைப்பான்?

"மாப்ள, தண்ணி மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குன்னு உங்கக்காகிட்டச் சொல்லு."

"அக்கா, மோட்டார் ஓடுதாம்."

"எனக்கும் காது இருக்கு. எந்திரிச்சுப் போய் நிறுத்த உங்க மாமாவுக்குக் கால் இல்லையான்னு கேளு."

"மாமா, கால்..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ சாப்பிடு."

சப்ஸ்டேஷனில் கோளாறு எங்கே என்று மோப்பம் பிடித்து, செய்ய வேண்டியவனுக்குச் சேதி சொல்லும் கருவி ஒன்று உண்டு. ரிலே என்று பெயர். லைன் ஆட்கள் அந்தப் பெயரைத் தம்பிக்கு வைத்துவிட்டார்கள். அவனும் மூன்று வேளையும் மென்றுகொண்டே அந்த உத்தியோகத்தைப் பார்த்துவந்தான்.

விஷயம் இதுதான். மனைவி அந்த ஊர்ச் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். ஆபரேட்டரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊர் இரண்டு மடங்கு பெருத்துவிட்டது. சப்ஸ்டேஷன் மட்டும் சின்ன வயசுச் சட்டையையே போட்டுக்கொண்டு நின்றது. வெயில் காலத்துச் சாயங்காலங்களில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்கும், எண்ணெய் கொதிக்கும், சில தெருக்களுக்குப் போகும் ஃபீடர் லைன் ஒன்றை அணைத்தால்தான் மற்றது பிழைக்கும். எந்தத் தெருவை இருட்டாக்குவது என்று தினமும் முடிவு செய்ய வேண்டிய கை ஆபரேட்டரம்மாவுடையது. அந்தக் கைக்குக் கிடைத்த சாபங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அதிலேயே ஒரு தெருவுக்கு விளக்கு எரிந்திருக்கும். இப்போது ஒரு வழியாகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, இரண்டாவதாக ஒரு லைன் வந்தது, லைனைப் போட்டு எடுக்கும் புது பிரேக்கர்கள் வந்தன. கூடவே, தூரத்து நகரத்தில் ஒரு கட்டுப்பாட்டு மையமும் வந்தது. இனி அங்கே திரை முன்னால் உட்கார்ந்துகொண்டே இங்கே இருக்கிற பிரேக்கரைப் போடலாம், எடுக்கலாம். அந்த மையத்தில் ஒரு ஷிப்டுக்குத் தலைமையாக ஆபரேட்டரம்மாவைக் கேட்டார்கள். ஆறு நாள் அங்கே. ஒரு நாள் வீடு.

அவர் சம்மதம் என்று சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பில்லை. புருஷனிடம் சொல்லாமல் சொன்னதுதான் தப்பு. ஃபோர்மேனுக்கு அது கேன்டீன்காரர் வாயிலிருந்து வந்தது. "என்ன சார், இனிமே ரெண்டு டிபன் பாக்ஸ் வேணாம் போல, ஒண்ணு போதும்?" என்று அந்த மனிதர் நல்ல மனசோடுதான் கேட்டார். அன்று மூடிய வாயை ஃபோர்மேன் இன்னும் திறக்கவில்லை.

ஏன் முதலில் அவரிடம் சொல்லவில்லை என்று ஆபரேட்டரம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியான பதிலும் வந்திருக்காது. அவர் "போகாதே" என்று தடுப்பார் என்கிற பயம் இல்லை. தடுக்கிற ஆளில்லை அவர். "சரி, போ" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று செருப்பைத் தேடப் போய்விடுவாரோ என்பதுதான் பயம். இருபது சொச்சம் வருஷம் கூட இருந்த மனுஷன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது?

விழா நாளன்று சாயங்காலத்துக்குள் கடைசிப் பதிலைச் சொல்லியாக வேண்டும். மேடையிலேயே அறிவிக்கப் போகிறார்களாம். அதற்குள் ஃபோர்மேன் வாயிலிருந்து ஒரு சொல், ஏசலாக இருந்தாலும் பரவாயில்லை, வந்தால் போவது. வராவிட்டால் போவதில்லை என்று ஆபரேட்டரம்மா மனசுக்குள் முடிவு செய்திருந்தார். இதைத் தம்பி மூலம் சொல்லியனுப்பவில்லை. சில சேதிகள் ரிலேயில் போகாது.

விழா என்றால் சாதாரண விழா இல்லை. தலைமை இன்ஜினியர் நடத்தும் விழா. எதைத் திறந்தாலும், ஒரு குழாயைத் திறந்தாலும்கூட, "இது ஒரு மைல்கல்" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். அதனால் அவருக்கு மைல்கல் என்றே பெயர். நல்ல மனிதர், மைக் கிடைக்காதவரை மிகவும் நல்ல மனிதர். மின்வாரியச் சேர்மன் வருகிறார், மேடையில் ஒரு பட்டனை அழுத்துகிறார், உடனே மேற்கு ஃபீடர் புது டிரான்ஸ்ஃபார்மரில் உயிர் பெறுகிறது, மேடையில் பச்சை விளக்கு எரிகிறது, கைதட்டல். இதுதான் திட்டம்.

பட்டனில் ஃபீடர் போடுகிற வேலையெல்லாம் நடக்காது என்பது மைல்கல்லுக்கும் தெரியும். எனவே பட்டனிலிருந்து சப்ஸ்டேஷன் கண்ட்ரோல் ரூம் வரை வயர் இழுத்து, அந்தப் பக்கம் வீட்டு வாசலில் மாட்டுகிற அழைப்பு மணி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கடையில் அவசரத்துக்குக் கிடைத்தது குருவி கத்துகிற மணி. சேர்மன் அழுத்துவார், குருவி கத்தும், ஆபரேட்டரம்மா பிரேக்கரைப் போடுவார். சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மேற்கு ஃபீடரைப் பழைய இடத்திலிருந்து அவிழ்த்துப் புதியதில் இணைக்கும் வேலை ஃபோர்மேனின் ஆட்களுடையது. வேலிக்கு வெளியே இருக்கும் இரட்டைக் கம்பத்தில் காலையிலேயே ஏறினார்கள். லைனில் ஆள் ஏறும் முன் கண்ட்ரோல் ரூமில் லைன் கிளியர் வாங்க வேண்டும். 'இந்த லைனை எனக்குக் கொடு, நான் திருப்பித் தரும்வரை கரண்ட் விடாதே' என்று கேட்டு வாங்குவது அது. அதில் ஒரு சட்டம் உண்டு. யார் வாங்கினாரோ அவரே, தன் வாயாலேயே, டூட்டியில் இருக்கும் ஆபரேட்டரின் காதில் திருப்ப வேண்டும். அண்ணன் வாங்கித் தம்பி திருப்ப முடியாது.

ஃபோர்மேன் கெட்டிக்காரர். காலை ஷிப்ட் ஆபரேட்டரிடம் வாங்கி, அவர் போவதற்குள்ளேயே திருப்பிவிடத் திட்டம் போட்டிருந்தார். மதிய ஷிப்ட் யார் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் வேலை உச்சத்தில் இருக்கும்போது கிரேனை மைல்கல் கொண்டுபோய்விட்டார். மேடைக்குப் பின்னால் பேனர் கட்ட வேண்டுமாம். பேனரில் சேர்மன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைல்கல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலையில் பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு இருந்தது. பேனர் எழும்பியதும் கண்ட்ரோல் ரூம் ஜன்னலுக்கும் இரட்டைக் கம்பத்துக்கும் நடுவில் மைல்கல்லின் கூப்பிய கைகள் வந்து நின்றுகொண்டன. கிரேன் கம்பத்துக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாடு முடிந்து, காலை ஆபரேட்டர் வீட்டுக்குப் போய், ஆபரேட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சேர்மன் வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. மைல்கல் மைக்கில் தன் மைல்கல்லை நட்டார். அந்த நேரத்தில் கண்ட்ரோல் ரூம் போன் அடித்தது.

"அக்கா, நான்தான். மேற்கு ஃபீடர் வேலை முடிஞ்சிருச்சு. எல்லாரும் இறங்கியாச்சு, லைனை மண்ணோட கட்டியிருந்த எர்த் கம்பியெல்லாம் எடுத்தாச்சு. லைன் கிளியரைத் திருப்பிக்கச் சொன்னாரு மாமா."

"லைன் கிளியர் யார் பேர்ல இருக்கு?"

"மாமா பேர்ல."

"அப்போ மாமா பேசட்டும்."

போனில் கொஞ்சம் முணுமுணுப்பு. கையால் போனின் வாயை மூடிப் பேசினாலும் தம்பியின் குரல் கசியும். பிறகு திரும்ப வந்தான். "அக்கா, அவரு கயிறு சுத்திக்கிட்டு இருக்காரு. கை காலியா இல்லையாம்."

"கையாலயா பேசப் போறாரு?"

"அக்கா, வீட்ல நான் சொன்னா எல்லாத்தையும் கேட்டுக்கிறல்ல? மோட்டார் ஓடுதுன்னதைக்கூட நான்தானே சொன்னேன். இதையும் அப்படியே..."

"வீடு வேற, லைன் வேற. வச்சிடு."

வைத்த பிறகு ஆபரேட்டரம்மா தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்: இது சட்டமா, வீம்பா? பாதிப் பாதி இருக்கும் என்று தோன்றியது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்போது கவலைப்பட ஒன்றுமில்லை.

குருவி கத்தியது.

அவர் பிரேக்கரைப் பார்த்தார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். குருவி மறுபடி கத்தியது. வெளியே ஒலிபெருக்கியில், "மாண்புமிகு தலைவர் அவர்கள் இதோ மீண்டும் ஒருமுறை அழுத்துகிறார்" என்று அறிவித்தார்கள். குருவி கத்திற்று. பச்சை விளக்கு எரியவில்லை. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் விசிறிக்கொண்டார்கள். சேர்மன் இப்போது விட்டுவிட்டு அழுத்தத் தொடங்கினார். கண்ட்ரோல் ரூம் ஒரு மரக்கிளைபோல ஆகிவிட்டது.

மைல்கல் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா? மணி கேக்கலையா?"

"நல்லா கேக்குது சார். லைன் கிளியர் இன்னும் திரும்பல."

"முடிஞ்சிருச்சுன்னு உங்க தம்பி எனக்கே போன் பண்ணினாரே!"

"வாங்கினவரு சொல்லல சார்."

சட்டம் மைல்கல்லுக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே ஆபரேட்டரம்மாவை அவர் திட்டவில்லை. தன் மொபைலை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார். "என்னய்யா, ஒரு வார்த்தை பேசிட்டா என்ன?" என்று கேட்டார். அந்தப் பக்கம் சொன்ன பதிலைக் கேட்டு முகம் கோணியது. போனை இறக்கினார்.

"தொண்டை கட்டியிருக்காம்."

"உங்ககிட்ட நல்லாத்தானே பேசினாரு?"

"மேடம்கிட்டப் பேசத்தான் தொண்டை கட்டுதாம்."

மைல்கல்லுக்கு மெல்ல விளங்கியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மைக் இல்லாவிட்டாலும் பழக்கம் விடுமா? "பாருங்கம்மா, குடும்பம்னா அது ஒரு பெரிய கிரிட் மாதிரி. ஒரு பக்கம் லோடு ஏறினா இன்னொரு பக்கம்..."

"சார், உங்க வீட்ல பேசிக்கிறீங்களா?"

மைல்கல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பேசுவேன். அவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றார் சின்னக் குரலில். பார்க்கப் பாவமாக இருந்தது. பல வருஷத்தில் அவர் ஒரே வரியில் சொல்லி முடித்த விஷயம் இதுதான் என்று ஆபரேட்டரம்மாவுக்குப் பட்டது.

குருவி இடைவிடாமல் கத்தியது. மைல்கல் கெஞ்சினார். "தம்பி சொல்றாரு, மாமா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. எல்லாரும் தரையில. பேனர் மட்டும் இல்லைன்னா நம்ம கண்ணாலயே பாத்திருக்கலாம். என் பொறுப்புல போடுங்கம்மா. ஒரே ஒரு தடவை."

"நீங்க பொறுப்பு ஏத்துக்கலாம் சார். கம்பி ஏத்துக்காது" என்றார் ஆபரேட்டரம்மா.

சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. எடுத்ததும் காதைப் பிய்த்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

"ஏய்! போட்டுட்டியா? போடாதே! போட்டுடாதே! உன் தம்பி மேல ஏறிட்டான். கப்பிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன்னு, எங்கிட்டச் சொல்லாம ஏறி நிக்கறான் மடையன். போட்டுட்டியா?"

மேடம் இல்லை, சார் இல்லை, வணக்கம் இல்லை. ஆபரேட்டரம்மா பிரேக்கரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இல்ல. போடல."



"நீங்க சொல்லலையே" என்றார் ஆபரேட்டரம்மா. "நீங்க சொல்லாம எப்படிப் போடுவேன்?"

 தூரத்தில் யாரோ "கீழ வாடா, கீழ வாடா!" என்று கத்துவதும், "இதோ, கப்பிய மட்டும் எடுத்துக்கிட்டு..." என்று ஆகாயத்திலிருந்து பதில் வருவதும் கேட்டன. ஸ்டூலில் இருந்த மைல்கல்லின் முகத்தில் வியர்வை பூத்திருந்தது. 'என் பொறுப்புல' என்று தான் சொன்ன சொல் இன்னும் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருப்பதுபோல அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து மேடைக்குப் போனார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது: "கம்பத்துல ஆள் இருக்காரு. இறங்கினதும் போடுவோம். பட்டனைத் தொடாதீங்க சார்." அவ்வளவுதான். அதைத்தான் அவருடைய மிகச் சிறந்த பேச்சு என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். சேர்மனும், "அப்படியா? அப்போ அதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாமே" என்று மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். குருவி ஓய்ந்தது.

"இருக்கீங்களா?" என்றார் ஆபரேட்டரம்மா போனில்.

"இருக்கேன்." தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது. "அவன்கிட்டச் சொல்லி அனுப்பினது என் தப்பு. பெரிய தப்பு. வீட்டுக் கோவத்தைக் கொண்டுவந்து லைன்ல வச்சுட்டேன்."

"நானும் கொஞ்சம் வச்சேன்" என்றார் அவர்.

"மையத்து வேலைக்கு மட்டும் நான் சொல்லாமலே சம்மதம்னு போட்டுட்ட இல்ல?"

"ஆமா."

"ஏன்?"

போன் பேச்செல்லாம் பதிவாகும். கம்பத்தடியில் ஆட்கள் கூடி நிற்பார்கள். எல்லாம் தெரிந்தும் அவர் சொன்னார். "கேட்டா, சரி போன்னு உடனே சொல்லிடுவீங்களோன்னு."

ஃபோர்மேனுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும். "அடிப்பாவி" என்றார் கடைசியில். "போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அதைச் சொல்லக் கூடாது, உனக்கு வர வேண்டிய வேலைன்னு தெரியும். வாயைத் திறந்தா அதுதான் முதல்ல விழும். அதான் திறக்கல."

"ஒரு வாரமாவா?"

"கொட்டாவிகூட விடல."

ஆபரேட்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. பேனல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பேனலுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

அதற்குள் தம்பி கப்பியோடு இறங்கிவிட்டான். தலையில் ஒரு குட்டு விழும் சத்தம் போனிலேயே கேட்டது. "மாமா, நீங்கதானே எல்லாம் முடிஞ்சுதுன்னு..." என்று ஆரம்பித்தான். "வாயை மூடு. இனிமே உனக்கு அந்த ரிலே உத்தியோகம் கிடையாது" என்று பதில் வந்தது. ஃபோர்மேன் ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் தரையிலிருந்து குரல் கொடுத்தார்கள். கழற்றி வைத்த எர்த் கம்பிகளைத் தன் கையாலேயே தொட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு குரலை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனுக்கு வந்தார்.

"ஆபரேட்டர் மேடம், வணக்கம். மேற்கு ஃபீடர் ஃபோர்மேன் பேசறேன். என் ஆளுங்க எல்லாரும் இறங்கிட்டாங்க. கருவி, கயிறு, எர்த், எல்லாம் எடுத்தாச்சு. என் பேர்ல வாங்கின லைன் கிளியரைத் திருப்பித் தர்றேன்."

"ஆளுங்க எல்லாரும் இறங்கிட்டாங்க, எர்த் எடுத்தாச்சு, மேற்கு ஃபீடர் லைன் கிளியரைத் திருப்பி வாங்கிக்கிட்டேன் சார்." அவர் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது ஒரு வார்த்தையைக்கூட அவசரப்படுத்தவில்லை. ஒரு வாரம் பட்டினி கிடந்தவர் சாப்பிடுவதுபோல இருந்தது.

டீக் கோப்பையை வைத்துவிட்டுச் சேர்மன் மிகுந்த பயபக்தியோடு ஒரே ஒரு தடவை அழுத்தினார். ஆபரேட்டரம்மா பிரேக்கரைப் போட்டார். யார்டில் 'டப்' என்று அடித்தது. அம்மீட்டர் முள் எழுந்து, தயங்கி, ஓர் இடத்தில் நின்றது. பழைய டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் இந்தச் சுமைக்கு இந்நேரம் முனக ஆரம்பித்திருக்கும். புதியது கண்டுகொள்ளவே இல்லை. தன்பாட்டுக்கு ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே பச்சை விளக்கும் கைதட்டலும் வந்தன.

மைல்கல் வாசலில் தலையை நீட்டினார். உள்ளே வரக் கூச்சப்படுகிறவர்போல இருந்தார். "அம்மா, அந்த மையத்துப் பதவி... இப்போ மேடையில சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஆபரேட்டரம்மா. போனை இன்னும் வைத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் வைத்திருக்கவில்லை. "என்னங்க, கேக்குதா? பெரிய சார் வந்திருக்காரு. கட்டுப்பாட்டு மையத்துக்குக் கூப்பிடறாங்க. ஆறு நாள் அங்க இருக்கணும். போகட்டுமா?"

"கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறேன்."

கம்பத்தடியில் காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. அவர் செருப்பைத் தேடிப் போய்விடவில்லை. அங்கேயே நின்றார்.

"போ" என்றார். "எனக்குப் பிடிக்கல. ரெண்டும் பதிவாகட்டும்."

"ரெண்டையும் திருப்பிச் சொல்லணுமா சார்?"

"சொல்லு."

ஆபரேட்டரம்மா முழுசாகத் திருப்பிச் சொன்னார். வாசலில் நின்ற மைல்கல் அதை மேடையில் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நடந்தார்.